ஆல்வின் ட்வெய்ட் காத்திருந்த இருபத்திரண்டு நிமிடங்கள்

எங்கள் பக்கத்தில் எடுத்த அந்தப் படம் நவம்பரில் வெளியாகிறதாம். திருடர்கள் ராணுவ வண்டியை மடக்கி இரண்டு அணுகுண்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கதாநாயகன் ஹெலிகாப்டரில் துரத்துகிறான், ஒரு குண்டு கடைசி விநாடியில் வெடிக்காமல் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்கு ஊரே பறக்கிறது. இரண்டு பஸ் பிடித்து எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்க்கப் போகிறார்கள். பெயர் கொடுக்க வேண்டிய தாள் என் தபால் நிலையத்துப் பலகையில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பாதி அந்தப் படக்காரர்களை நினைத்து, மீதி என்னை நினைத்து.

படத்தில் யார் யாரோ வருகிறார்கள். ஆல்வின் ட்வெய்ட் வரவில்லை. அதனால் அவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஆல்வினுக்கு எழுபத்தைந்து வயது. வடக்கு டகோட்டாவில், எங்கள் ஊருக்கு எட்டு மைல் தள்ளி, அவருடைய கோதுமைப் பண்ணை. அடுத்த பண்ணை எங்களுடையது. அவர் வீட்டுச் சமையலறைச் சன்னலில் நின்றால் கால் மைலில் ஒரு கம்பி வேலி தெரியும். வேலிக்குள் ஒரே ஒரு ஏக்கர். அந்த ஏக்கருக்குள், தரைக்கடியில், ஒரு ஏவுகணை நிற்கிறது. அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற குண்டு ஒரு பெரிய நகரத்தை இருந்த இடம் தெரியாமல் பண்ணிவிடும். ஆல்வினுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அரசாங்கத்தார் வந்து அவர் அப்பாவிடம் அந்த நிலத்தை வாங்கினார்கள். அன்றிலிருந்து வேலியைச் சுற்றித்தான் உழவு. மூலையில் டிராக்டரைத் திருப்புவது பெரிய சள்ளை என்பார். அதைத் தவிர அந்தக் குண்டைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்கு இருபத்தொரு வயதில் ஒரு கன்றுக்குட்டி அந்த வேலிக்கடியில் புகுந்துவிட்டது. பின்னாலேயே இவரும் புகுந்தார். பத்து நிமிடத்தில் ராணுவம் வந்து இறங்கியது. துப்பாக்கியைக் காட்டிக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அறுத்த கோதுமைத் தாளில் முகத்தை வைத்து இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்திருக்கிறார். விசாரணை முடிந்து எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அந்தப் பையன்களைக் கூப்பிட்டாராம். அவர் இதைச் சொல்லமாட்டார். அவர் மனைவி டெலோரிஸ்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"ரெண்டு மணி நேரமும் அந்தக் கன்னுக்குட்டி இவரு காதை நக்கிட்டே இருந்துச்சாம். மனுஷன் மூக்கைக்கூட சொறியலையே! கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கதை எனக்குத் தெரியும். சொன்ன பேச்சு கேக்கற ஆளுன்னுதான் கட்டிக்கிட்டேன்."

"கேக்காம இருந்தா நீ விடுவியா?" என்பார் ஆல்வின். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வராது.

டெலோரிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ஆனாலும் எனக்கு அவள் தோழிதான். எங்கள் ஊரில் யாரைப் பற்றியும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள். என் கணவர் லைலை "வாயாடி வாத்து" என்றுதான் கூப்பிடுவாள். அவரும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. குண்டு ஏற்றிய ராணுவ வண்டிகள் சாலையில் வரும்போது, முன்னாலும் பின்னாலும் துப்பாக்கி வண்டிகள் வரும், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வரும். அதைக் கண்டால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, கடைசி வண்டி கண்ணுக்கு மறைகிறவரை அசையக்கூடாது. முந்தக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது, இறங்கக்கூடாது. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுத்தரும்போதே சொல்லிவிடுவோம். கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளைகூட நிறுத்திவிட்டுக் காத்திருந்ததுண்டு. அறுபது வருடமாக எங்கள் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும்.

போன வருடம் ஏப்ரலில் படக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பழைய ராணுவ வண்டிகளை வாங்கி, நிஜ வண்டிகளே தோற்றுப்போகிற மாதிரி வண்ணமடித்து வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டரும் அதே மாதிரி. வண்டிகள் சாலையில் போகிற காட்சியை மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எடுக்கப் போவதாகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மழை என்று தெரிந்ததும், வியாழக்கிழமை காலையில் போன் போட்டு, அன்றைக்கே எடுக்கப் போவதாகத் தேதியை மாற்றி எழுதச் சொன்னார்கள். நானும் சிவப்புப் பேனாவால் மாற்றினேன். விதைப்புக் காலத்தில் எந்த விவசாயி தபால் நிலையத்துக்கு வந்து பலகையைப் படிக்கப் போகிறான்? அதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு டெலோரிஸுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் நாற்பது மைல் தள்ளியிருக்கிற பெரிய ஊரிலிருந்து வந்து, திரும்ப அந்த நாற்பது மைல் போக வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் தாங்களே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆல்வின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "கிளம்பிட்டோம்" என்று சொன்னது இரண்டு ஏழுக்கு. அவர்கள் போய்ச் சேர்ந்தது மூன்று பத்துக்கு. உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள். மருத்துவர் சின்ன வயதுக்காரர். "ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, ஆல்வின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டாராம்.

நடந்தது இதுதான். படக்காரர்கள் சாலையின் இரண்டு முனையிலும் போலீஸ்காரரை நிறுத்தி மறித்திருந்தார்கள். நடுவில் ஒரு பண்ணை வீட்டுப் பாதை வந்து சாலையில் சேர்வதை யாரும் கவனிக்கவில்லை. ஆல்வின் அந்தப் பாதையிலிருந்து ஏறி ஒரு மைல் போவதற்குள் எதிரே துப்பாக்கி வண்டிகள், மேலே ஹெலிகாப்டர். ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். வண்டிகள் போயின. இவர் சாவியைத் திருப்புவதற்குள் எல்லாம் திரும்பி வந்தன. மறுபடி எதிரே வந்து தாண்டிப் போயின. மறுபடி திரும்பி வந்தன. இப்படி மூன்று தடவை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இது ஏதோ கூத்து என்று புரிந்துகொண்டு கிளம்பியிருப்பான். எங்கள் ஆட்களுக்கு அப்படித் தோன்றாது. குண்டு வண்டி திரும்பி வருகிறதென்றால் ஏதோ விபரீதம். விபரீதம் என்றால் இன்னும் அசையாமல் இருக்க வேண்டும். கோதுமைத் தாளில் இரண்டு மணி நேரம் கிடந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

இறுதிச் சடங்கு முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் பன்றி இறைச்சி பன்னும் காப்பியும் சாப்பிட்டோம். ஆல்வின் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, வந்ததற்கு நன்றி சொன்னார். மறுநாள் விட்டுப்போன விதைப்பை முடித்தார். பெரிய ஊருக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார். மருந்து, உதிரி பாகம், எதுவானாலும் தபாலில் வரவழைத்தார். நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஜூன் மாதம் ப்ரென்ட் என்கிற ஆள் தபால் நிலையத்தில் என் சன்னலுக்கு வந்தான். படப்பிடிப்புக்கு இடம் பார்த்து, ஊர்க்காரர்களைச் சரிக்கட்டுகிற வேலை அவனுக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பல்வரிசை.

"மேடம், ஒரு சின்ன உதவி. இந்தப் பச்சை வண்டிக்காரர் யாருன்னு தெரியுமா? அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். முகம் தெளிவா விழுந்திருக்கு. சம்மதம் இல்லாம படத்துல வைக்க முடியாது."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்த காட்சி. சாலையோரம் பச்சை நிற பிக்கப் வண்டி நிற்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஆல்வின். பக்கத்துக் கண்ணாடியில் வானம் விழுந்து வெள்ளையாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீலக் கோட்டு மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டு எனக்குத் தெரியும், டெலோரிஸுடையது.

"அன்னைக்கு வண்டி குறுக்க வந்ததும் நாங்க விரட்டப் பார்த்தோம்," என்றான் ப்ரென்ட். "டைரக்டர்தான், 'தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும், ரொம்ப அழகா இருக்கு'ன்னு சொல்லிட்டாரு. அந்தப் பெரியவர் முகத்துல இருக்கற பயத்தைப் பாருங்க. எந்த நடிகனாலயும் முடியாது."

"உள்ள உட்கார்ந்திருக்கற அம்மா அன்னைக்கே செத்துட்டாங்க," என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தாங்க. நெஞ்சு வலி. உங்க வண்டிங்க போகட்டும்னுதான் நின்னாங்க."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். நிஜமாகவே கண் கலங்கியது. நான் அவனை மன்னித்துவிடலாமா என்று யோசிக்கிற நேரத்தில், மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"அதான். அதனாலதான் இது இவ்வளவு நிஜமா இருக்கு."

அவன் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆல்வின் வீட்டுக்கு வழி சொன்னேன். லைலும் நானும் கூடவே போனோம். பெரியவரைத் தனியாக விடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். என்ன நடக்கிறதென்று பார்க்கிற அரிப்பு என்பதுதான் உண்மை.

ஆல்வின் எங்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி ஊற்றினார். ப்ரென்ட் குரலைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கி, ரொம்ப மரியாதையாகப் பேசினான். படத்தின் முடிவில் டெலோரிஸின் பெயரை எழுத்தில் போடுவார்களாம். அவள் நினைவாகப் பள்ளி விளையாட்டுக் கூடத்துக்குப் புதுத் தரை போட்டுக் கொடுப்பார்களாம். ஆல்வின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காட்டு" என்றார்.

காட்சி ஓடியது. ஆறு விநாடி இருக்கும்.

"இன்னொரு தடவை போடு." ஓடியது. "சத்தம் இல்லையா?"

"சத்தம் அப்புறமா சேர்ப்போம் சார். ஹெலிகாப்டர், மியூசிக், எல்லாம் வரும்."

"நீங்க மூணு தடவை போனீங்க. இது எத்தனாவது?"

"மூணாவது சார். இதுதான் பெஸ்ட்."

"அப்ப முதல் ரெண்டு?"

ப்ரென்ட் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டான். "அதுல வெளிச்சம் சரியில்ல சார். தூக்கிப் போட்டுட்டோம்."

ஆல்வின் கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசை மேலேயே அவன் பக்கம் நகர்த்தினார்.

"போடமாட்டேன்."

"சார், நீங்க நல்லா யோசிச்சுட்டு..."

"காப்பி ஆறிடுச்சு. வேற ஊத்தட்டுமா?"

அவ்வளவுதான். அந்த ஆறு விநாடி எந்தத் திரையிலும் ஓடக்கூடாது. அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊர் நடந்துகொண்ட விதத்தை எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது. நாற்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சர்ச்சில் பாடியவர்கள், காப்பிக் கடையில் அவர் காதுபட, "ஒரு கையெழுத்துதானே, கை தேஞ்சா போயிடும்?" என்றார்கள். டெலோரிஸ் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று ஒருத்தி வாய் கூசாமல் சொன்னாள். பிள்ளைகளின் விளையாட்டுத் தரையைக் கெடுக்கிறார் என்றார்கள். ஆல்வின் தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் முதல் அங்கே வரவில்லை.

ஜூலையில் ப்ரென்ட் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். திரும்ப எடுக்கப் போகிறார்களாம். அதே சாலை, அதே இடம், அதே மாதிரி வண்டி. கையெழுத்துப் போடுகிற வேறு ஆட்கள்.

லைலும் ஆல்வினும் ஒரே வருடம், ஒரே கடையில், ஒரே பச்சையில் பிக்கப் வாங்கியவர்கள். ப்ரென்ட் எங்கள் கொட்டகைக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எடுத்துக்கங்க," என்றார் லைல். "ஆனா ஒண்ணு, நான்தான் ஓட்டுவேன்."

"லைல், உனக்கு வெக்கமா இல்லையா?" என்றேன்.

"வண்டிதானேடி கேக்கறாங்க? ஆல்வின் முகத்தையா கேக்கறாங்க? அவரு வேண்டாம்னாரு, விட்டுட்டாங்க. அவரு கேட்டது நடந்துடுச்சு. இன்னும் என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் ப்ரென்ட் என் பக்கம் திரும்பினான். "மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. உங்க முகம் கேமராவுக்கு ரொம்பப் பொருத்தமான முகம். நான் முதல் நாளே டைரக்டர்கிட்ட சொன்னேன்."

எனக்கு அறுபத்திரண்டு வயது. என் முகத்தைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவன் இதை ஊருக்கு ஊர் சொல்கிறவன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் என் கை தானாகப் போய்த் தலைமுடியைச் சரிசெய்தது. அந்தக் கையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

படப்பிடிப்பு நாளன்று எண்பத்தெட்டு டிகிரி வெயில். எனக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டார்கள். டெலோரிஸின் கோட்டு மாதிரியே தேடிப் பிடித்திருந்தார்கள், காலர் பித்தான் உட்பட. ஜூலையில் கோதுமை இடுப்பளவு நிற்கும். படத்தில் மே மாதம் மாதிரித் தெரிய வேண்டும் என்று, சாலையோரம் எங்கள் வயலில் நூறடி நீளத்துக்குப் பால் பிடித்த கதிரை வெட்டித் தள்ளினார்கள். லைல் தலையாட்டிக்கொண்டு நின்றார். பசுங்கதிர் வெட்டிய வாடை கோட்டுக்குள் வரைக்கும் வந்தது. ஒரு பெண் வந்து என் முகத்துக்கு வெள்ளையாக எதையோ பூசினாள். சாகப்போகிறவள் மாதிரி இருக்க வேண்டுமாம்.

டைரக்டர் சன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்: "நல்லா சாஞ்சுக்கங்க. தலை கண்ணாடியில படட்டும். கண்ணு பாதி மூடியிருக்கணும். வண்டிங்களைப் பார்த்து பயப்படறீங்க. 'எங்களை விடுங்களேன்'னு கெஞ்சற மாதிரி ஒரு பார்வை."

நான் கெஞ்சுகிற மாதிரி பார்த்துக் காட்டினேன். "அருமை," என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. சீ.

வண்டிகள் கிளம்பின. ஹெலிகாப்டர் எழுந்தது. அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து, வடக்கே இந்தத் தடவையும் யாரும் மறிக்காத ஆல்வினின் பண்ணைப் பாதையிலிருந்து, இன்னொரு பச்சை வண்டி சாலையில் ஏறியது. எதிரே துப்பாக்கி வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அது வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். ஓரங்கட்டும், இதோ ஓரங்கட்டும் என்று என் கால்கூட இல்லாத பிரேக்கை மிதித்தது. ஓரங்கட்டவில்லை. எங்களைத் தாண்டி, சாலையின் நட்டநடுவில், வண்டி வரிசையைப் பார்த்து நேராகப் போனது. முதல் துப்பாக்கி வண்டி அலறிக்கொண்டு வெட்டிய கோதுமைக்குள் இறங்கியது. இரண்டாவது அதன் பின்பக்கத்தில் மோதி நின்றது. போலி வீரர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆல்வின் அவர்கள் நடுவே புகுந்து, தெற்கே பெரிய ஊரைப் பார்த்துப் போய்விட்டார்.

தெற்கு முனையில் நின்ற போலீஸ்காரர் ரோஜர் எங்கள் ஊர்ப் பையன். டெலோரிஸ் கையால் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவன். ஏன் பிடிக்கவில்லை என்று ப்ரென்ட் அவனிடம் கத்தினான்.

"எந்த வண்டி?" என்றான் ரோஜர்.

வயலுக்குள் இறங்கிய வண்டியை இழுத்து மேலே ஏற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் நான் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். முகப்பூச்சு கலைந்துவிடும், இறங்காதீர்கள் என்றார்கள். லைல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி வாத்து வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆல்வின் திரும்பி வந்தார். மெதுவாக, சாலையின் சரியான பக்கத்தில் வந்தார். ப்ரென்ட் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். "சார், கேமரா ஓடிட்டுதான் இருந்துச்சு, பிரமாதமா வந்திருக்கு, டைரக்டர் உங்ககிட்ட பேசணுங்கறாரு," என்றான். ஆல்வின் அவனைச் சுற்றிக்கொண்டு, வேலியைச் சுற்றி டிராக்டர் ஓட்டுகிற பொறுமையோடு, என் சன்னலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"நாப்பத்தொரு நிமிஷம், மார்லிஸ்," என்றார். "நிக்காம போனா, ஆஸ்பத்திரி வாசலுக்கு நாப்பத்தொரு நிமிஷம்."

அன்றைக்கு அவர்களுக்கு ஆனது அறுபத்து மூன்று. நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். மருத்துவர் கேட்டது கால் மணி நேரம்.

ஆல்வின் என் கோட்டைப் பார்த்தார். காலர் பித்தானைப் பார்த்தார். அவர் என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்படி சாஞ்சு உட்காரச் சொன்னாங்களா?"

"ஆமா. கெஞ்சற மாதிரி பார்க்கவும் சொன்னாங்க."

"அவ சாயல. நிமிந்துதான் உட்கார்ந்திருந்தா. பெல்ட் போட்டிருந்தா." சன்னல் வழியாகக் கை நீட்டி, நான் தொங்கவிட்டிருந்த பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "நான் தாண்டிப் போயிடலாம்னுதான் பார்த்தேன் மார்லிஸ். நெசமா. கியரைக்கூட மாத்திட்டேன். அவதான் என் கைய பிடிச்சுக்கிட்டா. 'நில்லு ஆல்வின், பசங்க போகட்டும், பாவம்'னா. அவங்க திரும்பி வந்தப்பவும் அதையேதான் சொன்னா."

லைல் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கெஞ்சலெல்லாம் இல்ல," என்றார் ஆல்வின். "மூணு தடவையும் அவங்களுக்குக் கைய ஆட்டினா."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, லைலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வண்டியேறிப் போனார். பண்ணைப் பாதையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகள் தயார் என்று யாரோ கத்தினார்கள். டைரக்டர் எங்கள் பக்கம் பார்த்துக் கையைச் சரித்துக் காட்டினார், சாயுங்கள் என்று. கதவு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திறந்து இறங்கினால், எங்கள் வீடு வயலைத் தாண்டி அரை மைல். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை.

நான் பெல்ட்டை விட்டுவிட்டுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்தேன். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். முதல் டேக்கிலேயே சரியாக வந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.